லூப்பை எங்கே நிறுத்துவது? ஒரு பிரேக் குறைந்த கதையும் ஒரு பிரேக் கூடிய கதையும்

இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். கோடை வரிவரியாக வாசித்தால் காதில் நிற்காது என்பதால், எல்லாவற்றையும் தமிழில் சொல்லியிருக்கிறோம். பைதான் தொடங்கி இரண்டு மூன்று வாரம் ஆனவர்களை மனதில் வைத்துப் பேசியது. இன்றைய விருந்தினர் வேலை நாட்களில் மென்பொருள் எழுதுகிறார், வார இறுதியில் புதியவர்களுக்குச் சொல்லித்தருகிறார்.

9 பகா எண்ணா?

தொகுப்பாளர்: இன்னைக்கு ஒரு லிசனர் அனுப்பின கேள்வியிலிருந்தே ஆரம்பிச்சுடலாம். அவர் பகல்ல கடையில வேலை பார்க்கிறார், ராத்திரி பைதான் படிக்கிறார். பகா எண் கண்டுபிடிக்கிற புரோகிராம் எழுதியிருக்கார். 7 கொடுத்தா பகா எண்ணுன்னு சொல்லுது, சரி. 8 கொடுத்தா இல்லைன்னு சொல்லுது, அதுவும் சரி. 11, 13 எல்லாம் சரி. ஆனா 9 கொடுத்தா பகா எண்ணுன்னு சொல்லுது. "ரெண்டு நாளா பார்த்துட்டேன், லூப் சரியாத்தான் இருக்கு. எனக்கு இது வராதோன்னு தோணுது"ன்னு முடிச்சிருக்கார்.

விருந்தினர்: முதல்ல அந்தக் கடைசி வரிக்குப் பதில் சொல்லிடறேன். கண்டிப்பா வரும். ஏன்னா அவர் பண்ணியிருக்கிறது கவனக்குறைவு இல்ல. லூப் பத்தி யாரும் சரியா சொல்லித்தராத ஒரு இடத்துல போய் நின்னிருக்கார். அவரோட கோட் என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க.

தொகுப்பாளர்: எழுதி வச்சிருக்கேன் அக்கா. இப்படி இருக்கு:

1. எண் 9.
2. 2-லிருந்து 8 வரைக்கும் ஒவ்வொரு எண்ணா எடு.
3. அந்த எண்ணால 9 மீதி இல்லாம வகுபட்டா, "பகா எண் இல்லை"ன்னு காட்டு. பிரேக்.
4. வகுபடலைன்னா, "பகா எண்"ணுன்னு காட்டு. பிரேக்.

விருந்தினர்: சரி, நாமளே கம்ப்யூட்டரா மாறி ஓட்டிப் பார்ப்போம். முதல் சுற்று, கையில 2. 9-ஐ 2-ஆல வகுத்தா மீதி 1. வகுபடலை. அப்போ நாலாவது வரிக்குப் போறோம். "பகா எண்"ணுன்னு காட்டுறோம். பிரேக். முடிஞ்சது.

தொகுப்பாளர்: 3-க்கே போகலையே!

விருந்தினர்: போகவே இல்ல. லூப் எழுதியிருக்கார், ஆனா அது எப்பவும் ஒரே ஒரு சுற்றுதான் ஓடுது. 2-ஆல வகுபடுதா இல்லையான்னு பார்த்துட்டுத் தீர்ப்பு சொல்லிடுது. அப்போ அது பகா எண் புரோகிராமே இல்ல. ஒற்றைப்படையா இரட்டைப்படையான்னு பார்க்கிற புரோகிராம். 7, 11, 13 எல்லாம் ஒற்றைப்படை, பகா எண்ணும்கூட. அதனால சரியா வந்த மாதிரி தெரிஞ்சது. 9, 15, 21, 25 கொடுத்தா எல்லாத்துலயும் தப்பு வரும்.

தொகுப்பாளர்: அந்த நாலாவது வரியில பிரேக் ஏன் போட்டார்?

விருந்தினர்: அதை என்னால ஊகிக்க முடியுது. அந்த பிரேக் இல்லாம முதல்ல எழுதியிருப்பார். 7 கொடுத்தா "பகா எண், பகா எண், பகா எண்"ணுன்னு அஞ்சு தடவை வந்திருக்கும். 2, 3, 4, 5, 6, ஒவ்வொண்ணுக்கும் ஒரு தடவை. ஒரு தடவை வந்தா போதுமேன்னு பிரேக் போட்டிருப்பார். வெளியில தெரியுற தொல்லை போயிடுச்சு. ஆனா உள்ள இருந்த சிக்கல் அப்படியே இருக்கு.

"இருக்கு"ன்னு சொல்ல ஒண்ணு போதும்

விருந்தினர்: இதுக்கு ஒரு உதாரணம். வீட்டுல ஒரு மாத்திரை வாங்கிட்டு வரச் சொல்றாங்க. தெருவுல ஏழு மெடிக்கல் ஷாப் இருக்கு. முதல் கடையில இல்ல, ரெண்டாவதுல இல்ல, மூணாவதுல இருக்கு. நாலாவது கடைக்குப் போவீங்களா?

தொகுப்பாளர்: எதுக்கு? கிடைச்சிடுச்சே.

விருந்தினர்: அதுதான் பிரேக். இப்போ இன்னொரு மாதிரி யோசிங்க. முதல் கடையில இல்ல. உடனே வீட்டுக்குத் திரும்பி வந்து "இந்தத் தெருவுலயே இல்லம்மா"ன்னு சொன்னா?

தொகுப்பாளர்: செம திட்டு விழும்.

விருந்தினர்: அந்த புரோகிராம் பண்ணினது அதுதான். முதல் கடையைப் பார்த்துட்டு மொத்தத் தெருவுக்கும் தீர்ப்பு சொல்லிடுச்சு. "இருக்கு"ன்னு சொல்ல ஒரே ஒரு கடை போதும். "எங்கயும் இல்ல"ன்னு சொல்ல ஏழு கடையும் ஏறி இறங்கணும். லூப்புக்குள்ள நின்னுக்கிட்டு "இருக்கு"ன்னு சொல்லலாம். "இல்ல"ங்கிறதை லூப் முழுசா முடிஞ்சு வெளிய வந்த பிறகுதான் சொல்ல முடியும். இது ஒண்ணு மனசுல பதிஞ்சா, தேடுற லூப்புல வர்ற தப்புல பெரும்பகுதி போயிடும்.

தொகுப்பாளர்: பகா எண்ணுக்கு இது எப்படிப் பொருந்துது? அங்க நாம எதைத் தேடுறோம்?

விருந்தினர்: நல்ல கேள்வி. அங்க நாம தேடுறது பகா எண்ணை இல்ல, வகுக்கிற ஒரு எண்ணை. அது ஒண்ணு கிடைச்சா போதும், "பகா எண் இல்லை"ன்னு அங்கேயே சொல்லிட்டு பிரேக் போட்டுடலாம். "பகா எண்"ணுன்னு சொல்லணும்னா எதுவுமே வகுக்கலைன்னு உறுதியாகணும். அதனால அந்த வரி லூப்புக்கு வெளியே, கீழே வரணும்.

தொகுப்பாளர்: ஆனா வெளிய வந்த பிறகு நமக்கு எப்படித் தெரியும், பிரேக் போட்டு வந்தோமா, முழுசா ஓடி முடிச்சு வந்தோமான்னு?

விருந்தினர்: ரெண்டு வழி இருக்கு. முதல் வழி எந்த மொழியிலயும் வேலை செய்யும். லூப்புக்கு முன்னாடி "கிடைச்சது"ன்னு ஒரு வேரியபிள் வச்சு, அதுல "பொய்"னு போட்டுக்கங்க. வகுக்கிற எண் கிடைச்சா அதை "மெய்"னு மாத்திட்டு பிரேக். வெளிய வந்து அந்த வேரியபிளைப் பாருங்க. இன்னும் "பொய்"யாவே இருந்தா எதுவும் கிடைக்கலை, அப்போ பகா எண்.

ரெண்டாவது வழி பைதான்ல அழகா இருக்கு. ஃபார் லூப்புக்கே ஒரு எல்ஸ் வைக்கலாம். இஃப்-க்கு நேரா இல்ல, ஃபார்-க்கு நேரா. லூப் பிரேக் ஆகாம முழுசா ஓடி முடிஞ்சா மட்டும் அந்த எல்ஸ் ஓடும். பிரேக் ஆயிட்டா ஓடாது. எல்ஸ்ங்கிற பேரு பலரைக் குழப்பும். "பிரேக் ஆகலைன்னா"ன்னு மனசுல வாசிச்சுக்கங்க.

தொகுப்பாளர்: அப்போ அவர் அந்த எல்ஸை இடப்பக்கம் நகர்த்தி ஃபார்-க்கு நேரா வச்சு, அதுல இருக்கிற பிரேக்கை எடுத்துட்டாலே போதுமா?

விருந்தினர்: 9-க்குச் சரியாயிடும். ஆனா 1 கொடுத்துப் பாருங்க. 2-லிருந்து ஆரம்பிச்சு 1-க்கு முன்னாடி வரைக்கும்னு சொன்னா பைதான் என்ன பண்ணும்?

தொகுப்பாளர்: எண்ணே இல்லையே. ஒரு சுற்றுகூட ஓடாது.

விருந்தினர்: ஒரு சுற்றும் ஓடலைன்னா பிரேக்கும் ஆகலை. அப்போ எல்ஸ் ஓடும், 1 பகா எண்ணுன்னு சொல்லிடும். 2-க்கும் இதேதான், ஒரு சுற்றும் ஓடாது. ஆனா 2 நிஜமாவே பகா எண், அதனால தப்பிச்சுடுது. 1-ஐயும் அதுக்குக் கீழ இருக்கிறதையும் லூப்புக்கு முன்னாடியே தனியா ஒரு இஃப் வச்சுத் தடுத்துடணும். எந்த லூப் எழுதினாலும் "ஒரு சுற்றும் ஓடலைன்னா என்ன ஆகும்"னு கேட்டுப் பாருங்க. காலியான லிஸ்ட், காலியான ஃபைல் எல்லாம் நிஜத்துல நிறைய வரும்.

இந்த பிரேக் வண்டி பிரேக் இல்ல

தொகுப்பாளர்: பிரேக்னா வண்டி பிரேக் மாதிரின்னுதான் நான் நினைச்சேன். தமிழ்ல ரெண்டும் ஒரே மாதிரிதானே கேட்குது.

விருந்தினர்: அந்தக் குழப்பம் நிறைய பேருக்கு உண்டு. வண்டி பிரேக் போட்டா வேகம் குறைஞ்சு, கொஞ்ச தூரம் போய் நிக்கும். இது அப்படி இல்ல. அந்த வரி வந்த நொடியே லூப்பை விட்டு வெளிய போயிடும். அந்தச் சுற்றுல கீழ மிச்சம் இருக்கிற வரிகள்கூட ஓடாது. அதனால கிடைச்சதை எங்கயாவது எழுதி வைக்கணும்னா பிரேக்குக்கு மேல எழுதணும். கீழ எழுதினா அந்த வரி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

தொகுப்பாளர்: சீக்கிரம் நிறுத்துறதுல நிஜமா லாபம் இருக்கா? கம்ப்யூட்டர்தான் வேகமா ஓடுதே.

விருந்தினர்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,00,001-ங்கிற எண். பார்த்தா பகா எண் மாதிரி இருக்கும். ஆனா அது 101 பெருக்கல் 9,901. பிரேக் இல்லாம 2-லிருந்து 10,00,000 வரைக்கும் ஓடினா 9,99,999 தடவை வகுத்துப் பார்க்கணும். பிரேக் இருந்தா 101-லயே நின்னுடும். மொத்தம் 100 தடவை.

தொகுப்பாளர்: அடேங்கப்பா! ஆனா அதுவே நிஜமான பகா எண்ணா இருந்தா? எதுவும் கிடைக்காதே, பிரேக்கே ஆகாதே.

விருந்தினர்: சரியா பிடிச்சீங்க. 10,00,003 பகா எண். அங்க பிரேக் உதவாது. அதுக்கு வேற யோசனை வேணும்: எது வரைக்கும் தேடினா போதும்? ஒரு எண் ரெண்டு எண்களோட பெருக்கலா இருந்தா, அதுல சின்னது வர்க்கமூலத்தைத் தாண்டாது. 10,00,003-க்கு வர்க்கமூலம் 1,000-த்தை ஒட்டி இருக்கு. அப்போ 2-லிருந்து 1,000 வரைக்கும் 999 தடவை பார்த்தா போதும். பத்து லட்சம் ஆயிரமா குறைஞ்சிடுச்சு. பிரேக் உதவுறது "இருக்கு"ங்கிற பதிலுக்கு. "இல்ல"ங்கிற பதிலை வேகமாக்கணும்னா தேடுற எல்லையையே சுருக்கணும்.

லூப்புக்குள்ள லூப்

தொகுப்பாளர்: லூப்புக்குள்ள இன்னொரு லூப் இருந்தா பிரேக் எங்க கொண்டுபோய் விடும்?

விருந்தினர்: தன்னைச் சுத்தி இருக்கிறதுல மிக உள்ளே இருக்கிற லூப்பை விட்டு மட்டும்தான் வெளிய வரும். தியேட்டர்ல பத்து வரிசை, ஒவ்வொண்ணுலயும் 12 சீட்டுன்னு வச்சுக்கங்க. காலியா இருக்கிற ஒரே ஒரு சீட்டு வேணும். வெளி லூப் வரிசையைச் சுத்துது, உள் லூப் சீட்டைச் சுத்துது. மூணாவது வரிசையில அஞ்சாவது சீட்டு காலி. காட்டிட்டு பிரேக் போடுறீங்க. என்ன ஆகும்?

தொகுப்பாளர்: அந்த வரிசையை விட்டு வெளிய வந்து... நாலாவது வரிசைக்குப் போயிடும்!

விருந்தினர்: ஆமா. ஒரு சீட்டு கேட்டவருக்கு வரிசைக்கு ஒண்ணா பல சீட்டு காட்டும். ஜாவாவுல லூப்புக்கு ஒரு பேர் வச்சு, அந்தப் பேரைச் சொல்லி பிரேக் போடலாம். பைதான்லயும் அது வேணும்னு 2007-ல ஒரு முன்மொழிவு வந்தது. அதோட எண் 3136. பைதானை உருவாக்கின கைடோ வான் ரோசம் அதை ஏத்துக்கலை. அந்த அளவுக்குச் சிக்கலான கோட் அபூர்வம்தான், பெரும்பாலும் ரிட்டர்ன் வச்சே சுத்தமா எழுதிடலாம்ங்கிறது அவர் சொன்ன காரணம்.

தொகுப்பாளர்: ரிட்டர்ன் வச்சுன்னா எப்படி?

விருந்தினர்: சீட்டு தேடுற வேலையை ஒரு தனி ஃபங்ஷனா எழுதிடுங்க. கிடைச்சதும் ரிட்டர்ன். ரிட்டர்ன் எத்தனை லூப்புக்குள்ள இருந்தாலும் எல்லாத்தையும் விட்டு ஃபங்ஷனுக்கு வெளிய வந்துடும். ரெண்டு லூப்பும் முடிஞ்சு கீழ வந்தா, அங்க "காலி இல்ல"ன்னு ஒரு ரிட்டர்ன். முன்னாடி சொன்ன அதே விஷயம்தான்: "இருக்கு" உள்ளே, "இல்ல" கீழே.

ஒரு பிரேக் குறைந்தது: 2008 டிசம்பர் 31

தொகுப்பாளர்: இதெல்லாம் பாடப் பயிற்சியில வர்ற தப்புதானே? வேலையில இருக்கிறவங்களுக்கு இது வராதுல்ல?

விருந்தினர்: வரும். ரெண்டு நிஜக் கதை சொல்றேன். முதல் கதை, மைக்ரோசாஃப்டோட ஸூன். ஐபாடுக்குப் போட்டியா 2006-ல வந்த மியூசிக் பிளேயர். 2008 டிசம்பர் 31 அன்னைக்கு, 30 ஜிபி மாடல் வச்சிருந்தவங்க ஆன் பண்ணினா, ஸ்கிரீன் அப்படியே உறைஞ்சு நின்னுடுச்சு. ஒருத்தர் ரெண்டு பேருக்கு இல்ல, அந்த மாடல் வச்சிருந்தவங்களுக்கெல்லாம் ஒரே நாள்ல.

தொகுப்பாளர்: வைரஸா?

விருந்தினர்: இல்ல, ஒரு வைல் லூப். உள்ள இருந்த கடிகாரம் 1980 ஜனவரி 1-லிருந்து எத்தனை நாள் ஆச்சுன்னு ஒரே எண்ணா வச்சிருக்கும். அதை வருஷமா மாத்தணும். அந்த லூப் தமிழ்ல சொன்னா இப்படி:

1. நாள் 365-ஐ விட அதிகமா இருக்கிற வரைக்கும் சுத்து.
2. இது லீப் வருஷமா? ஆமான்னா, நாள் 366-ஐ விட அதிகமான்னு பாரு. அதிகம்னா 366-ஐக் கழி, வருஷத்துல 1 கூட்டு.
3. லீப் வருஷம் இல்லைன்னா 365-ஐக் கழி, வருஷத்துல 1 கூட்டு.

1980-லிருந்து ஒவ்வொரு வருஷமா கழிச்சுக்கிட்டே வரும். இப்போ 2008 டிசம்பர் 31. அது லீப் வருஷத்தோட 366-ஆவது நாள். 2007 வரைக்கும் எல்லாம் கழிஞ்சு, கையில 366 மிச்சம். ஓட்டிப் பாருங்க.

தொகுப்பாளர்: 366, 365-ஐ விட அதிகம். உள்ள வந்தாச்சு. லீப் வருஷமா? ஆமா. 366-ஐ விட அதிகமா? இல்ல, சமம். அப்போ... எதுவும் கழிக்கலை. திரும்ப மேல போறோம். 366, 365-ஐ விட அதிகம்...

விருந்தினர்: அவ்வளவுதான். எதுவும் மாறலை, எதுவும் நிறுத்தலை. நாள் முழுக்க அதே சுற்று. "366-ஐ விட அதிகமா" கேள்விக்கு "இல்ல"ன்னு பதில் வந்தா என்ன பண்ணணும்னு யாரும் எழுதலை. அங்க ஒரு பிரேக் போட்டிருந்தா, 2008, 366-ஆவது நாள்னு சரியான பதிலோட வெளிய வந்திருக்கும். பேட்டரி தீர்ந்து போகட்டும், ஜனவரி 1 கிரீன்விச் நேரம் நண்பகலுக்கு மேல சார்ஜ் போட்டு ஆன் பண்ணுங்கன்னுதான் மைக்ரோசாஃப்ட் சொன்னது.

தொகுப்பாளர்: நாள் மாறினா சரியாயிடும்! ஆனா விக்கிறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணியிருப்பாங்களே?

விருந்தினர்: 2006-ல வந்த கருவி. அது பார்த்த முதல் லீப் வருஷமே 2008-தான். அதுலயும் 365 நாள் ஒழுங்கா ஓடிடுச்சு. கடைசி ஒரு நாள்லதான் மாட்டிக்கிச்சு. அதனால டெஸ்ட் பண்ணும்போது நடுவுல இருக்கிற எண்ணை மட்டும் கொடுக்காதீங்க. எல்லையில நிக்கிற எண்ணைக் கொடுங்க. 365, 366, 367. நம்ம லிசனருக்கு 1, 2, 9.

ஒரு பிரேக் கூடியது: 1990 ஜனவரி 15

விருந்தினர்: ரெண்டாவது கதை இதுக்கு நேர் எதிர். அமெரிக்காவுல ஏடி அண்ட் டி-யோட நீண்டதூரத் தொலைபேசி நெட்வொர்க். 1990 ஜனவரி 15 மதியம் சரிய ஆரம்பிச்சு, ஏறக்குறைய 9 மணி நேரம் தடுமாறிச்சு. அந்த நெட்வொர்க்ல போட்ட கால்கள்ல கிட்டத்தட்ட பாதி போய்ச் சேரலை. செல்போன் பரவலா இல்லாத காலம்.

தொகுப்பாளர்: இதுக்கும் லூப்தான் காரணமா?

விருந்தினர்: லூப், அதுக்குள்ள ஒரு ஸ்விட்ச் ஸ்டேட்மென்ட், அதுக்குள்ள ஒரு இஃப். சி மொழியில எழுதினது. நம்ம பைதான்ல பிரேக் லூப்பை விட்டு மட்டும்தான் வெளிய வரும். சி-யில லூப்பை விட்டும் வரும், ஸ்விட்ச் ஸ்டேட்மென்டை விட்டும் வரும். ரெண்டுல எது மிக அருகில் சுத்தி இருக்கோ அதை விட்டு வரும். ஆனா இந்த ரெண்டு மொழியிலயும் பிரேக் இஃப்பை விட்டு மட்டும் வெளிய வராது.

அங்க இஃப்-எல்ஸ்ல எல்ஸுக்குள்ள ஒரு பிரேக் இருந்தது. அந்த இடத்துல நடக்க வேண்டியது, இஃப்பை முடிச்சுட்டு, கீழ இருக்கிற வரிகளுக்குப் போய் வந்த செய்தியைச் செயலாக்குறது. ஆனா அந்த பிரேக் ஸ்விட்ச் ஸ்டேட்மென்ட் முழுசையும் விட்டு வெளிய கொண்டுவந்துடுச்சு. செய்தியைச் செயலாக்குற வரிகள் ஓடவே இல்ல. அடுத்து ஓடின வரிகள், இருந்த தகவல் மேலயே வேற தகவலை எழுதிடுச்சு.

தொகுப்பாளர்: ஒரு இடத்துல நடந்தது எப்படி நாடு முழுக்கப் பரவிச்சு?

விருந்தினர்: நியூயார்க்ல ஒரு தொலைபேசி எக்ஸ்சேஞ்சுல சின்னக் கோளாறு. அது தன்னைத்தானே சில நொடி நிறுத்தி, சரி பண்ணிக்கிட்டு, திரும்ப வந்தது. அது வழக்கமா நடக்கிறதுதான். திரும்ப வந்ததும் மத்த எக்ஸ்சேஞ்சுகளுக்குச் செய்தி போச்சு. ரெண்டு செய்தி ரொம்ப நெருக்கமா, அடுத்தடுத்து வந்து சேர்ந்தா மட்டும்தான் அந்த எல்ஸ் பகுதி ஓடும். அப்படி வந்தது. வாங்கின எக்ஸ்சேஞ்சுல தகவல் கெட்டுப் போச்சு. அதுவும் தன்னை நிறுத்தி, சரி பண்ணிக்கிட்டு, திரும்ப வந்து, மத்தவங்களுக்குச் செய்தி அனுப்பிச்சு. அவங்களுக்கும் அதே கதி. நெட்வொர்க்ல இருந்த 114 எக்ஸ்சேஞ்சுலயும் அதே சாஃப்ட்வேர். சில வாரம் முன்னாடி, டிசம்பர்ல போட்ட அப்டேட்.

தொகுப்பாளர்: ஒரு வரி!

விருந்தினர்: எழுதினவர் மனசுல பிரேக் ஒரு இடத்துக்குப் போச்சு. கம்ப்யூட்டர் வேற இடத்துக்குப் போச்சு. அதனால பிரேக் எழுதும்போதெல்லாம் திரையில விரலை வச்சுக் காட்டுங்க: "இங்கிருந்து எந்த வரிக்குப் போகும்?" விரல் தடுமாறினா அந்தக் கோடை மாத்தி எழுதணும்னு அர்த்தம்.

நிக்காத லூப்பை எப்படி நிறுத்துறது?

தொகுப்பாளர்: வைல் லூப்தான் எனக்குக் கொஞ்சம் பயம். ஃபார் எப்படியும் முடிஞ்சிடும்னு ஒரு நிம்மதி இருக்கு.

விருந்தினர்: அந்தப் பயம் நியாயமானதுதான். எத்தனை சுற்றுன்னு முன்கூட்டியே தெரிஞ்சா ஃபார் போடுங்க. தெரியலைன்னா மட்டும் வைல். வைல்ல பெரும்பாலும் மூணு இடத்துலதான் மாட்டிக்குவோம்.

முதல்ல, கன்டினியூ. அது "இந்தச் சுற்று போதும், அடுத்த சுற்றுக்குப் போ"ன்னு சொல்றது. வைல் லூப்ல எண்ணைக் கூட்டுற வரி கடைசியில இருந்து, அதுக்கு மேலேயே கன்டினியூ வந்தா, எண் கூடவே கூடாது. அதே எண்ணுல நின்னு சுத்தும். ஸூன் கதையோட சின்ன வடிவம்.

அடுத்தது, தசமம். 0-வுல ஆரம்பிச்சு, ஒவ்வொரு சுற்றுக்கும் 0.1 கூட்டி, 1-க்குச் சமம் ஆகிற வரைக்கும் ஓடுன்னு எழுதினா நிக்கவே நிக்காது. பத்து தடவை கூட்டின பிறகு பைதான்ல வர்றது 1 இல்ல, 0.9999999999999999. அடுத்த சுற்றுல 1-ஐத் தாண்டிப் போயிடும். "சமமா"ன்னு கேட்காம "1-ஐ விடச் சின்னதா"ன்னு கேட்டா, ஒரு சுற்று கூடுதலா ஓடினாலும் கண்டிப்பா நிக்கும்.

மூணாவது, உள்ளீடு கேட்கிற லூப். எண் தவிர வேற ஏதாவது டைப் பண்ணினா "எண் மட்டும்"னு சொல்லித் திரும்பக் கேட்கும். அதுக்கு டிரை, எக்ஸெப்ட் போடுவோம். எக்ஸெப்ட்டுக்குப் பக்கத்துல எந்தப் பிழைன்னு எழுதாம வெறுமனே விட்டா, கன்ட்ரோல் சி அழுத்தினாக்கூட புரோகிராம் நிக்காது. அதையும் ஒரு பிழையா எடுத்துக்கிட்டு "எண் மட்டும்"னு சொல்லும். வேல்யூ எரர்னு பேர் குறிப்பிட்டு எழுதுங்க. அப்போ கன்ட்ரோல் சி வேலை செய்யும்.

தொகுப்பாளர்: ஒரு லூப் நிக்குமா நிக்காதான்னு முன்கூட்டியே சொல்ற டூல் எதுவும் கிடையாதா?

விருந்தினர்: எல்லா புரோகிராமுக்கும் அப்படிச் சொல்லக்கூடிய பொதுவான வழி எதுவும் இருக்க முடியாதுன்னு ஆலன் டூரிங் 1936-லயே நிரூபிச்சுட்டார். நாலு வரி லூப்கூட ஆட்டம் காட்டும். ஒரு எண்ணை எடுங்க. இரட்டைன்னா பாதியாக்குங்க, ஒற்றைன்னா மூணால பெருக்கி 1 கூட்டுங்க. 1 வர்ற வரைக்கும் சுத்துங்க. 27-ல ஆரம்பிச்சா 9,232 வரைக்கும் ஏறி, 111 படி கழிச்சுத்தான் 1-க்கு வரும். எல்லா எண்ணுக்கும் இது நிக்கும்னு இன்னும் யாரும் நிரூபிக்கலை. கொலாட்ஸ் கணக்குன்னு பேர்.

அதனால உறுதி இல்லாத இடத்துல ஒரு உச்சவரம்பு வச்சுடுங்க. ஆயிரம் சுற்றுக்கு மேல போனா பிரேக், "இவ்வளவு சுற்றியும் முடியலை"ன்னு ஒரு செய்தி. பாஸ்வேர்டு மூணு தடவைக்கு மேல தப்பானா நிறுத்துறதும் இந்த மாதிரிதான்.

தொகுப்பாளர்: நிக்கவே கூடாத லூப்பும் இருக்குல்ல?

விருந்தினர்: இருக்கே. ஆர்டுவினோ போர்டுல லூப்னு ஒரு ஃபங்ஷன் எழுதுவோம், மின்சாரம் இருக்கிற வரைக்கும் அது திரும்பத் திரும்ப ஓடும். வெப் சர்வரும் அப்படித்தான், அடுத்த கோரிக்கைக்காகக் காத்துக்கிட்டே இருக்கும். நிக்காம ஓடுறது தப்பில்ல. நிக்கணும்னு நாம நினைச்சது நிக்காம ஓடுறதுதான் தப்பு.

லூப் எழுதுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி

தொகுப்பாளர்: நம்ம லிசனர் இன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து எழுதுறாருன்னா, பக்கத்துல என்ன எழுதி ஒட்டி வச்சுக்கணும்?

விருந்தினர்: மூணே கேள்வி.

ஒண்ணு: இந்த லூப் எதனால நிக்கும்? 
ரெண்டு: ஒவ்வொரு சுற்றுலயும், எந்த வழியில போனாலும், அந்த நிறுத்தத்தை நோக்கி ஏதாவது மாறுதா? ஸூன் மாட்டிக்கிட்டது இதுல. 
மூணு: நின்ன பிறகு எந்த வரியில போய் நிப்போம், அங்க என்ன தெரிஞ்சிருக்கும்? ஏடி அண்ட் டி மாட்டிக்கிட்டது இதுல, நம்ம லிசனரும்தான்.

அவருக்கு நான் சொல்ல விரும்புறது, 9-ஐக் கொடுத்துப் பார்த்தாரே, அதுதான் பெரிய விஷயம். 7, 8, 11, 13 சரியா வந்ததும் நிறைய பேர் எழுந்து போயிடுவாங்க. ஒரு தப்பான பதிலைத் தேடிக் கண்டுபிடிச்சு, அதை விடாம ரெண்டு நாள் பார்த்திருக்கார். இந்த வேலைக்கு அந்தக் குணம்தான் வேணும்.

தொகுப்பாளர்: கேட்டுக்கிட்டு இருக்கிற மத்தவங்களுக்கு வீட்டுப்பாடம்?

விருந்தினர்: ஒரு பேர் லிஸ்ட் எடுத்துக்கங்க. அதுல ஒரே பேர் ரெண்டு தடவை வந்திருக்கான்னு கண்டுபிடிங்க. வந்திருந்தா அந்தப் பேரைக் காட்டி உடனே நிக்கணும். இல்லைன்னா "திரும்ப வரலை"ன்னு ஒரே ஒரு தடவை சொல்லணும். லூப்புக்குள்ள லூப் வரும், ஜாக்கிரதை. எழுதின பிறகு காலி லிஸ்ட் கொடுங்க, ஒரே பேர் இருக்கிற லிஸ்ட் கொடுங்க, கடைசி ரெண்டு பேர் மட்டும் ஒண்ணா இருக்கிற லிஸ்ட் கொடுங்க. மூணுலயும் சரியான பதில் வந்தா லூப் உங்களுக்குப் புரிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்.

தொகுப்பாளர்: மக்களே, பண்ணிப் பார்த்துட்டு எங்க மாட்டினீங்கன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடுல ஃபங்ஷன் பத்திப் பேசலாம், குறிப்பா ரிட்டர்னுக்கும் பிரின்ட்டுக்கும் என்ன வித்தியாசம்னு.